தண்டபாணி சார்

காலை நல்லா நீட்டிக்கங்க தம்பி, அந்தச் சாக்கை நான் இக்கட்ட நகத்திக்கறேன். உள்ள ஒண்ணுமில்லீங்க, மோட்டாரு. ஊட்டுத் தொட்டிக்குத் தண்ணி ஏத்தற சின்ன மோட்டாரு. காயில் எரிஞ்சு போச்சு. பல்லடத்துல காயில் கட்டறவர் ஒருத்தர் இருக்கறாரு, அவருகிட்டக் குடுக்கத்தான் தூக்கிட்டுப் போறேன். கண்டக்டர் லக்கேஜுன்னு மூஞ்சியைச் சுளிச்சாரு. மடியிலயே வேணா வெச்சுக்கறனுங்கன்னு சொன்னேன், அப்பறம் கம்முனு போயிட்டாரு.

என்னங்க கேட்டீங்க? ஆமா, அந்தக் கம்பெனி மோட்டாருதான். ஃபோன் பண்ணுனா ஆளு ஊட்டுக்கே வந்து பார்ப்பாங்கதான். எனக்குத் தெரியாதுங்களா? அந்த நம்பரு தூக்கத்துல கேட்டாக் கூடச் சொல்லுவேன். அந்த நம்பருக்குக் கூப்பிடறதை நான் உட்டுட்டனுங்க. வீம்புக்கு இல்லை. காரணமாத்தான் உட்டேன்.

கழுத்துல பட்டை போட்டிருக்கீங்களே, கம்ப்யூட்டர் கம்பெனிங்களா? நெட்டு லைனு இழுக்கற கம்பெனியா. அப்ப உங்ககிட்டத்தான் இதைக் கேக்கோணும். பல்லடம் போறதுக்குள்ள சொல்லி முடிச்சுடறேன். காதுல இருக்கறதை எடுத்துட்டுக் கேளுங்க, பாட்டு எங்க போகப் போகுது.

எனக்கு ஊரு தாராபுரத்துக்கு மேக்கால புதூருங்க. பேரு நாச்சிமுத்து. சின்ன ஊரு. எந்தக் கம்பெனிக்காரனும் எங்க ஊருக்கு லைனு இழுக்க வரலை. நாலு ஊட்டுக்காக அத்தனை தூரம் எவன் வருவான்? ஃபோன் பேசோணும்னா என்ற தோட்டத்துக் கெணத்து மேட்டுல ஏறி நிக்கோணும், அங்க மட்டும் ஒரு கோடு சிக்னல் வரும். மத்தியானத்துல பாதி ஊரு என்ற கெணத்து மேட்டுலதான் நிக்கும். நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஆளுக வந்து போனா எனக்கும் நல்லாத்தான் இருக்கும்.

அப்பத்தான் இந்தப் பானுமதி, எங்க ஊரு மகளிர் குழுத் தலைவி, அங்க அலைஞ்சு இங்க அலைஞ்சு ஒரு ஏற்பாடு பண்ணுச்சு. மெயின் ரோடு வரைக்கும் லைனு வந்திருக்குது, அங்கிருந்து ஊருக்குள்ள நாமளே இழுத்துக்கலாம், லைனு ஊருக்குச் சொந்தம், எந்த முதலாளிக்கும் இல்லைன்னு கூட்டம் போட்டுச் சொல்லுச்சு. ஊட்டுக்கு ஒரு ஆளு வந்து குழி தோண்டோணும். நானும் போனேன். என்ற வரப்போரமாத்தான் தம்பி அந்த லைனு போகுது. நான் தோண்டுன குழி அது. கல்லுப் பூமி, கடப்பாறை போட்டுத் தோண்டி உள்ளங்கை பூராக் கொப்புளம். அத்தனையும் தோண்டி முடிச்சாக் கடைசியில உள்ள போட்டது என்ன, தலைமுடியாட்டம் ஒரு ஒயரு. இதுக்குள்ள வெளிச்சம் ஓடும்னாங்க. ஓடட்டும்னு மண்ணைத் தள்ளி மூடுனேன்.

குத்தம் சொல்லக்கூடாதுங்க, நல்லது நடந்துச்சு. சும்மா பூட்டிக் கெடந்த பால் சொசைட்டிக் கட்டடத்துல பெருசா ஒரு திரை மாட்டுனாங்க. கோயமுத்தூர்ல ஒரு டீச்சர் கணக்குச் சொல்லித் தந்தா இங்க எங்க புள்ளைங்க எழுதும். அந்தம்மா அங்க சாக்பீஸைக் கீழ போட்டா இங்க புள்ளைங்க சிரிக்கும். அத்தனை வேகம். அதுல படிச்சு ரெண்டு புள்ளைங்க நர்ஸ் படிப்புக்குப் போயிருக்குது. இல்லைங்கல நான்.

அப்பறம்தான் இந்த மோட்டார் கம்பெனிக்காரங்க வந்தாங்க. குறை சொல்றதுக்கு ஒரு நம்பரு வெச்சிருக்காங்கல்ல, அந்த ஃபோனை எடுத்துப் பேச ஆளு வேணும், சுத்தமாத் தமிழ் பேசற பொம்பளைங்க வேணும், உங்க ஊரு லைனு நல்லா இருக்குது, இங்கயே உக்காந்து பேசலாம், நாங்களே சொல்லித் தர்றோம்னாங்க. பானுமதி குழுவுல எட்டுப் பேரைச் சேத்துச்சு. அதுல ஒருத்தி என்ற சம்சாரம், சுலோச்சனா.

அவ பத்தாவது பாஸுங்க. அது எனக்கே அன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. எங்க மக கோமதியைக் கட்டிக் குடுத்து ஓசூருக்கு அனுப்பிச்சாச்சு. ஊட்ல நாங்க ரெண்டே பேரு. நானும் போகட்டுங்களான்னு கேட்டா. போயேன், ஆரு வேண்டாங்கறான்னேன். தடுக்கற ஆளு இல்லீங்க நான். எங்களுக்குள்ள ஒரு நாளும் சண்டை வந்ததில்லை. ஊர்ல ஆரை வேணாக் கேளுங்க, நாச்சிமுத்து ஊட்ல சத்தம் கேட்டதுண்டான்னு. அவ ஒரு வார்த்தை எச்சாப் பேச மாட்டா, நானும் பேச மாட்டேன். சோறு போடட்டுங்களாம்பா. ம்முன்னு சொல்லுவேன். அவ்வளவுதான். கல்யாணமான புதுசுல ஏதேதோ சொல்ல வருவா, பக்கத்துக் காட்டுல மயில் வந்துச்சு, இன்னார் ஊட்ல இப்படியாச்சுன்னு. செரி செரி, சோத்தைப் போடுன்னு சொல்லுவேன். அலுப்புல வர்ற மனுசன் மயிலையா கேட்டுட்டு இருப்பான்? அவளும் புரிஞ்சுக்கிட்டா. நல்ல பொம்பளை.

நாலு மாசம் சொல்லிக் குடுத்தாங்க. எப்படி வணக்கம் சொல்றது, கோவமாப் பேசறவங்ககிட்ட எப்படிப் பேசறது, கம்ப்யூட்டர்ல எப்படிப் பதியறதுன்னு. ஊட்ல ஆரையாச்சும் கஸ்டமரா வெச்சுப் பழகிப் பாருங்கன்னு திரையில வந்து சொல்லித் தர்ற கம்பெனிக்காரம்மா சொல்லியிருக்குது. ஒருக்கா என்றகிட்ட வந்து நின்னா. நீங்க சும்மா மோட்டாரு ஓடலைன்னு சொல்லுங்க, நான் பேசிப் பாக்கறேன்னா. எனக்கு வேற வேலை இல்லையான்னு கேட்டேன். தப்பாச் சொல்லலீங்க, நெசமாலுமே வேலை இருந்துச்சு, மாட்டுக்குச் சோளத்தட்டு அறுக்கோணும். அப்பறம் கேக்கவே இல்லை. கட்டுத்தறியில எருமைகிட்டப் பேசிப் பழகுனா. வணக்கம் சார், உங்களுக்கு நான் எப்படி உதவலாம்னு. அது பாட்டுக்கு அசை போடும். நான் அக்கட்ட உக்காந்துட்டுக் கேட்டுச் சிரிச்சுக்குவேன்.

வேலைக்குப் போக ஆரம்பிச்சா. காலையில சமைச்சு மூடி வெச்சுட்டுப் போனாப் பொழுதோடதான் வருவா. எனக்கு ஒரு சங்கடமும் இல்லீங்க. சோறு இருக்குது, கொழம்பு இருக்குது. ஆனா பாருங்க, அவ முந்தியும் பேச மாட்டா, ஊட்டுக்குள்ள இருப்பா, அவ்வளவுதான். அந்தப் பேசாத ஆளு இல்லாமப் போனதும் ஊடு என்னமோ ஆயிட்டுது. தோட்டத்துலருந்து வந்து கதவைத் தொறந்தா உள்ள போகவே புடிக்காது. ஃபோன் பேசவும் இப்ப ஆரும் கெணத்து மேட்டுக்கு வர்றதில்லை. ஊருக்குள்ளயே லைனு வந்துட்டுதே. நான் ஒருத்தன்தான் நின்னுட்டு இருப்பேன்.

டீக்கடைக்குப் போனா அந்த சொசைட்டிக் கட்டடத்தைத் தாண்டித்தான் போகோணும். சத்தம் போகக்கூடாதுன்னு ஜன்னலெல்லாம் அடைச்சிருப்பாங்க. ஒருக்கா கதவு தொறந்திருந்துச்சு. உள்ள அவ பேசறா. "சொல்லுங்க சார், கேட்டுட்டுத்தான் இருக்கேன். அப்படிங்களா சார்? அடடா." சிரிக்கறா வேற. நான் ரோட்டுலயே நின்னுட்டேன். இந்த அடடா என்ற ஊட்ல ஒரு நாளும் கேட்டதில்லீங்க. எவனோ ஒருத்தன், மூஞ்சி தெரியாதவன், மோட்டார் ஓடலைங்கறான், அவனுக்கு இத்தனை அடடா.

ஒரு நாள் மத்தியானம் கெணத்து மேட்டுல உக்காந்திருந்தேன். எதுக்க மோட்டார் பொட்டியில அந்த நம்பரு பெருசா ஒட்டியிருக்குது. சும்மா அமுத்திப் பார்க்கலாம்னு தோணுச்சு. என்ற நம்பருல கூப்பிட்டா அவளுக்குத் தெரிஞ்சு போகும் பாருங்க, அதனால கோமதி கல்யாணத்துக்கு முந்தி வெச்சிருந்த சிம்மு ஒண்ணு, எதுக்காச்சும் ஆகும்னு நான்தான் காசு போட்டு உசுரோட வெச்சிருந்தேன், அதைப் போட்டுக் கூப்பிட்டேன். ஏன் சிரிக்கறீங்க? நாளுக்கு எத்தனையோ நம்பரு வரும், அதுல இதை எங்க கவனிக்கப் போறா.

மொதல்ல வேற புள்ளை எடுத்துச்சு. வெச்சுட்டேன். மறுக்காக் கூப்பிட்டேன், பானுமதி. வெச்சுட்டேன். அப்படியே நாலஞ்சு தடவை. அப்பறம் அவ வந்தா.

"வணக்கம், நான் சுலோச்சனா பேசறேன். உங்க பேர் சொல்லுங்க சார்."

நாச்சிமுத்துன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துட்டுது. முழுங்கிட்டேன். மோட்டார் ரூம் செவுத்துல தண்டபாணி ஸ்டோர்ஸ்னு காலண்டர் தொங்குச்சு. தண்டபாணின்னு சொல்லிட்டேன். சித்த நேரம் சத்தமே இல்லை. லைனு போயிட்டாப்பல இருக்குதுன்னு நெனைச்சேன். அப்பறம், "சொல்லுங்க தண்டபாணி சார், நான் எப்படி உதவலாம்?" அப்படின்னா. மோட்டார்ல தண்ணி வரலீங்கன்னேன். சுச்சுப் போட்டா உறுமுதுங்களா, அடி வால்வு பார்த்தீங்களா, கரண்டு எத்தனை வருதுன்னு ஒவ்வொண்ணாக் கேட்டா. நான் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காங்கேயத்துக்குப் பக்கத்துல ஒரு ஊரு பேரைச் சொல்லி வெச்சேன். அத்தனை நேரம் அவ என்றகிட்டப் பேசுனது கல்யாணமாகி இந்த இருபத்திரெண்டு வருசத்துல அதுதான் மொத தடவை.

அப்பறம்தான் டீக்கடைப் பேச்சுல தெரிஞ்சுது, மெக்கானிக் ஒருத்தர் அந்த ஊருக்கே போயித் தண்டபாணின்னு ஒரு ஆளைத் தேடி அலைஞ்சிருக்கறாரு. ஆனா அடுத்த தடவை கூப்பிட்டப்ப அவளே சொல்லிட்டா. "ஆளு அனுப்ப வேண்டாங்க சார், நாம பேசியே சரி பண்ணிக்கலாம்." அதுக்கப்பறம் ஒரு தடவை கூட ஆளு அனுப்பலை. கம்பெனிக்கு வீண் அலைச்சல் வரக்கூடாதுன்னு எத்தனை சூட்டிகையா இருக்கறா பாருங்க. நாலே மாசத்துல கத்துக்கிட்டது.

குரலுங்களா? என்ற குரலு அவளுக்கு எப்படித் தெரியும் தம்பி? நான் ஊட்ல பேசியிருந்தாத்தானே. எச்சாப் போனா ம்முன்னு சொல்லியிருப்பேன், செரின்னு சொல்லியிருப்பேன். அதை வெச்சு ஆளைக் கண்டுபுடிக்க முடியுங்களா? போதாததுக்குத் தொண்டையைக் கட்டிக்கிட்டுத்தான் பேசுவேன்.

அப்படியே பழக்கமாயிட்டுது. மத்தியானம் சோறு உண்டுட்டுக் கெணத்து மேட்டுக்குப் போவேன், கூப்பிடுவேன். அவ வர்ற வரைக்கும் வெச்சு வெச்சுக் கூப்பிடுவேன். மோட்டாரு வெசயம் ஒரு நிமிசத்துல முடிஞ்சுடும். அப்பறம் அவளே கேப்பா. "சாப்பிட்டீங்களா சார்? வெயில் கொளுத்துது, கெணத்து மேட்டுல நிக்காதீங்க சார், நெழலுக்குப் போங்க." கஸ்டமருக்கு அப்படியெல்லாம் சொல்லோணும்னு கம்பெனியில சொல்லிக் குடுத்திருப்பாங்க போல. நல்லாத்தான் சொல்லிக் குடுத்திருக்கறாங்க. எனக்குக் கேக்கக் கேக்க நெஞ்செல்லாம் என்னமோ பண்ணும். ஒரு நாள் நான் மயிலைப் பத்திச் சொன்னேன். தோட்டத்துல மயிலு வந்து தக்காளியைக் கொத்திப் போடுதுங்கன்னு. "அப்படிங்களா சார்? எத்தனை மயிலுங்க?" அப்படின்னா. நாங்க மயிலைப் பத்தியே நொம்ப நேரம் பேசிட்டு இருந்தோம்.

பொழுதோட ஊட்டுக்கு வருவா. செருப்பைக் கழட்டி உட்டுட்டு என்ற மூஞ்சியை ஒரு பார்வை பாப்பா. ஏதோ கேக்க வர்றாப்பல நிப்பா. நான் டிவியைப் பார்த்துட்டு இருப்பேன். பேசுனாக் குரலை வெச்சுக் கண்டுபுடிச்சுடுவாளேன்னு பயம். அதனால முந்தி சொன்ன ம்முவையும் நிறுத்திட்டேன். தலையை மட்டும் ஆட்டுவேன். செரின்னு உள்ள போயிடுவா.

இப்பத்தான் தம்பி வெசயம் வருது. ஒரு நாள் பேச்சு வாக்குல, எங்க ஊட்ல கொள்ளுப்பருப்புக் கடைஞ்சு எத்தனையோ நாளாச்சுங்கன்னு சொன்னேன். தண்டபாணியாத்தான் சொன்னேன். அன்னைக்குப் பொழுதோட ஊட்ல என்ன வாசம்கிறீங்க? கொள்ளுப்பருப்பு. நெய் ஊத்திப் பெசைஞ்சு கொண்டாந்து முன்னால வெச்சா. வெச்சுட்டு எதுக்கவே உக்காந்துக்கிட்டா.

எனக்குச் சோறு எறங்கலை. யோசிச்சுப் பாருங்க. என்ற பொண்டாட்டி, தண்டபாணிக்குப் புடிச்சதை ஆக்கி எனக்குப் போடறா. அவன் நெனைப்புலதானே ஆக்கியிருப்பா? தண்டபாணி நான்தான், செரி, அது எனக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாதல்லங்க? அவளைப் பொறுத்த வரைக்கும் அவன் வேத்தாளு. ஒரு வேத்தாளுகிட்ட மயிலைப் பத்திப் பேசறா, நெழலுக்குப் போகச் சொல்றா, அவனுக்குப் புடிச்சதை ஆக்கறா. இந்த ஊட்ல நான் ஆரு? ஒரு வார்த்தை பேசாம உண்டுட்டுக் கை கழுவிட்டேன். எப்படி இருக்குதுங்கன்னு கேட்டா. இருபத்திரெண்டு வருசத்துல கேக்காத கேள்வி. நான் தலையை ஆட்டிட்டுத் தோட்டத்துக்குப் போயிட்டேன். போயிக் கெணத்து மேட்டுல உக்காந்து அழுதனுங்க. உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன, திரும்ப எங்க பார்க்கப் போறோம்.

உட்டுடலாம்னுதான் நெனைச்சேன். ரெண்டு நாள் கூப்பிடலை. மூணாம் நாள் கை சும்மா இருக்க மாட்டேங்குது. கூப்பிட்டா மொதத் தடவையே அவதான் எடுத்தா. "தண்டபாணி சார், ஒடம்பு நல்லா இருக்குதுங்களா? ரெண்டு நாளாக் காணோமேன்னு பார்த்தேன்." பாருங்க தம்பி. நான் அந்த ரெண்டு நாளும் ஊட்லதான் இருந்தேன், அவ கண்ணு முன்னாலதான் இருந்தேன். என்ற ஒடம்பு நல்லா இருக்குதான்னு கேட்டாளா? அவனைக் கேக்கறா.

இப்படியே போச்சு. அப்பறம் ஒரு நாள் ஊட்ல டிவி பார்த்துட்டு இருந்தேன். அவ வந்து, கம்பெனியில என்னைய பவானிப் பக்கம் கூப்பிடறாங்கன்னு சொன்னா. அங்க ஒரு ஊர்ல நம்ம ஊராட்டமே லைனு இழுத்திருக்கறாங்களாம். புதுசா சேர்ற பொம்பளைங்களுக்கு இவ போயிச் சொல்லித் தரோணும், ஒரு வருசம் அங்கயே தங்கோணும்னா. எருமைகிட்டப் பேசிப் பழகுனவ, இப்ப மத்தவங்களுக்குச் சொல்லித் தரப் போறா. எனக்குப் பெருமையாக் கூட இருந்துச்சு. செரின்னேன். செரின்னு சொல்றதுக்கு வாயைத் தொறந்தேன் பாருங்க, அதுவே பெருசு. அவ நின்னுட்டே இருந்தா. அப்பறம் போயிட்டா.

மறுநாள் மத்தியானம் கூப்பிட்டேன். எடுத்தா. வழக்கமாட்டம் வணக்கம் சொல்லலை.

"தண்டபாணி சார், இன்னைக்கு மோட்டாரு வேண்டாங்க. உங்ககிட்ட ஒண்ணு கேக்கட்டுங்களா?"

கேளுங்கன்னேன்.

"என்னைய வேற ஊருக்குக் கூப்பிடறாங்க சார். ஒரு வருசம். எங்க ஊட்ல சொன்னேன், செரின்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு டிவியைப் பார்த்துட்டாரு. போன்னு சொல்றாரா, வேண்டாங்கறாரான்னு எனக்குத் தெரியலை. தெரிஞ்சாத்தானே சார் நான் ஒரு முடிவுக்கு வர முடியும்? போகாதேன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், நான் இருந்துக்குவேன். நீங்க சொல்லுங்க சார். போகட்டுங்களா?"

ஊட்டு வெசயத்தை, புருசன் டிவி பார்த்த வெசயத்தை, வேத்தாளுகிட்டச் சொல்றாளே. அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், போகாதேங்கற வார்த்தை தொண்டையில வந்து நிக்குது. நெசமாலுமே நின்னுச்சு தம்பி. முள்ளு மாட்டுனாப்பல. சொல்லியிருந்தா நின்னிருப்பா. ஆனா நான் ஒண்ணு யோசிச்சேன். நான் போகாதேன்னு சொன்னா, அதைச் சொன்னது ஆரு? தண்டபாணி. அவன் பேச்சைக் கேட்டு நின்னா, அவனுக்காக நின்னதாத்தானே ஆகும்? ஆயுசுக்கும் அவ அவனுக்காக என்ற ஊட்ல இருப்பா, நான் அதைப் பார்த்துட்டு உக்காந்திருக்கோணும். அப்படி ஒரு பொழைப்பு எனக்கு வேண்டாம்னு வாயை மூடிட்டேன்.

அவளும் பேசலை. பக்கத்துல மத்த பொம்பளைங்க பேசறது கேக்குது, வணக்கம் சார், சொல்லுங்க சார்னு. ஃபேன் சுத்தறது கேக்குது. அவ மூச்சு உடறது கேக்குது. அந்த லைனு அத்தனை சுத்தம். நான் குழி தோண்டுன லைனுதானே. நொம்ப நேரம். வெயிலு நெழலா மாறி என்ற காலு வரைக்கும் வந்துட்டுது. கடைசியில நான்தான் வெச்சேன்.

திங்கக்கெழமை கெளம்பிட்டா. பொட்டியை நான்தான் தூக்கிட்டுப் போயி பஸ் ஏத்தி உட்டேன். ஜன்னல் வழியா என்னையே பார்த்துட்டு இருந்தா. ஏதாச்சும் சொல்லோணுமேன்னு, ஜன்னலைச் சாத்திக்க, காத்தடிக்கும்னேன். சாத்தலை. பஸ்ஸு திரும்பற வரைக்கும் தொறந்தேதான் இருந்துச்சு.

இப்ப ஞாயித்துக்கெழமை ஞாயித்துக்கெழமை என்ற நம்பருக்குக் கூப்பிடுவா. சாப்பிட்டீங்களாம்பா. ம்முன்னு சொல்லுவேன். சேதி ஒண்ணும் இல்லையேம்பா. இல்லைன்னு சொல்லுவேன். வெச்சுடுவா. எனக்கு நாள் பூராச் சொல்றதுக்கு இருக்குதுங்க. எருமை கன்னு போட்டது, தக்காளி வெலை, கோமதி முழுகாம இருக்கறான்னு சேதி வந்தது. அத்தனையும் கெணத்து மேட்டுல நின்னு எனக்கு நானே சொல்லிக்குவேன். அவ கூப்பிடறப்ப ஒண்ணும் வர மாட்டேங்குது. அந்தத் தண்டபாணிக்கு எப்படித்தான் அத்தனை பேச்சு வந்துச்சோ.

அவ போனதுக்கப்பறம் ஒருக்கா அந்த நம்பருக்குக் கூப்பிட்டுப் பார்த்தேன். புதுப் புள்ளை எடுத்துச்சு. தண்டபாணி பேசறேன்னேன். எந்தத் தண்டபாணி சார், உங்க மோட்டார் எத்தனை எச்.பி.ன்னு கேட்டுச்சு. வெச்சுட்டேன். அன்னையோட செரி.

அட, பல்லடம் வந்துட்டாப்பல இருக்குதே. நான் கேக்கோணும்னு சொன்னேனே, அது இதுதான். போன வாரம் ரேஷன் கடையில பானுமதியைப் பார்த்தேன். சும்மா கேக்கறாப்பல கேட்டேன், ஏம்மா, ஃபோன்ல கூப்பிட்ட ஆளு பேசாம இருந்தா நீங்க என்ன பண்ணுவீங்கன்னு. "ஒண்ணும் பண்ண மாட்டோங்கண்ணா. மூணு தடவை ஹலோ சொல்லோணும், பதில் வரலைன்னா வெச்சுடோணும். அடுத்த ஆளு காத்துட்டு இருப்பாங்கல்ல. அதுக்கு மேல லைன்ல இருந்தா எங்களுக்குத்தான் திட்டு"ன்னு சொல்லுச்சு.

மூணு தடவை ஹலோ. அதைத்தான் தம்பி அன்னையிலருந்து யோசிச்சுட்டு இருக்கறேன். அவ ஒரு தடவை கூட ஹலோ சொல்லலை, வெக்கவும் இல்லை. ஊருக்கே பாடம் சொல்லித் தரப் போறவளுக்கு அந்த ரூலு தெரியாமலா இருக்கும்? திட்டு வாங்குனாலும் பரவாயில்லைன்னு, பேசவே பேசாத ஒருத்தனுக்காக அத்தனை நேரம் லைனைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தாளே, நீங்களே சொல்லுங்க, அந்தத் தண்டபாணி மேல அவளுக்கு அப்படி என்னதான் இருந்துச்சு?